மலை இறங்கியாச்சு, பையைப் பிரிச்சாச்சா?

(காஞ்சிபுரம் மாவட்டம் கூரத்தில், மலையேற்றத்தில் ஆர்வமுள்ள இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூரத்துக்கு வந்துவிட்டு இந்த ஊர்ச் செப்பேட்டைச் சொல்லாமல் பேச்சைத் தொடங்க முடியாது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் இங்கே சிவனுக்குக் கோயில் எடுத்தான். அதைச் சொல்லும் கூரம் செப்பேடு, பூசைக்கு மட்டுமல்ல, கோயிலின் பழுதுபார்ப்புக்கும் சேர்த்தே நிலப் பங்கு ஒதுக்கியதைப் பதிவு செய்திருக்கிறது. ஒரு பொருளை உண்டாக்கினால் மட்டும் போதாது, அதைப் பராமரிக்கவும் வழி செய்யணும் என்பது இந்த ஊருக்கு 1,300 வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம். இன்னிக்கு நான் பேச வந்ததும் பராமரிப்பைப் பற்றித்தான்.

2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 40 மலைப்பாதைகளோடு தொடங்கியது. இணையதளத்தில் முன்பதிவு செய்தால் போதும், பயிற்சி பெற்ற வழிகாட்டியோடு காட்டுக்குள் நடந்து வரலாம். உங்களில் பலர் போய் வந்திருப்பீங்க. போகும்போது எடுத்துப்போக வேண்டியதைப் பட்டியல் போட்டு அடுக்குறோம். வந்ததும்? பையை மூலையில் போட்டுட்டு, மொபைலில் படம் ஏற்ற உட்கார்ந்துடுறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு தடவை மழையில் நனைந்த கூடாரத்தை அப்படியே சுருட்டிப் பரண்மேல் போட்டேன். அடுத்த வருஷம் கொடைக்கானல் பக்கம் ஒரு முகாமில் பிரித்தால், உள்பூச்சு பிசுபிசுன்னு ஒட்டி உரியுது. தையல் மேல் இருந்த டேப் கழன்று தொங்குது. அன்று இரவு நல்ல மழை. உள்ளே தண்ணீர் இறங்கிப் போர்வை எல்லாம் நனைந்து, கூட வந்த அக்கா பையன் விடிய விடிய நடுங்கினான். தப்பு கூடாரத்தின் மேல் இல்லை. ஈரத்தோடு கட்டி வைத்த என் மேல்தான்.

காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். பட்டுப்புடவையைக் கட்டிக் களைந்ததும் அப்படியே மடித்து பீரோவில் வைப்பீங்களா? நிழலில் காற்றாட விடுவீங்க. வியர்வை ஈரம் போன பிறகுதான் மடிப்பீங்க. சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வைப்பீங்க. கூடாரத்துக்கும் கிட்டத்தட்ட இதே வைத்தியம்தான்.

கூடாரத்தை வாஷிங் மெஷினில் போடாதீங்க. உதறி மண்ணைக் கொட்டிட்டு, பச்சைத் தண்ணீரில் நனைத்த ஸ்பான்ஜால் துடைங்க. சோப்புத்தூள் வேண்டாம், தண்ணீர் ஒட்டாமல் காக்கும் பூச்சு போய்விடும். நிழலில் விரித்து, மூலைமுடுக்கு, தையல் எல்லாம் காயும்வரை விடுங்க. கடும் வெயில் நைலானை நாளடைவில் இற்றுப்போக வைக்கும். ஜிப்பில் சிக்கிய மண்ணைப் பழைய டூத்பிரஷ்ஷால் தட்டி எடுங்க.

முதுகுப்பையின் எல்லா அறைகளையும் காலி செய்யுங்க. பிஸ்கட் துணுக்கு கிடந்தால் எறும்பும் எலியும் தேடி வரும். தோள்பட்டையில் படிந்த வியர்வை உப்பை மிதமான சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஜிப்பைத் திறந்து தலைகீழாகத் தொங்கவிடுங்க. ஸ்லீப்பிங் பேக்கைச் சின்ன உறைக்குள் திணித்தே வைத்திருந்தால் உள்ளே இருக்கும் பஞ்சு அமுங்கி, குளிர் தாங்கும் சக்தி குறைஞ்சிடும். பெரிய பருத்திப் பையில் தளர்வாக வைங்க. தண்ணீர்ப் பையை ஆப்பசோடா கலந்த நீரில் அலசி, வாயைத் திறந்து காயவிடுங்க. டார்ச்சில் இருக்கும் செல்லைக் கழற்றி வைங்க. கசிந்தால் டார்ச் போச்சு.

ஷூவின் உள் அட்டையைக் கழற்றி, செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்துங்க. அடுப்பு பக்கம் வைத்தால் பசை விட்டுப்போகும். அடிப்பாகம் வாய் பிளந்திருக்கான்னு அழுத்திப் பாருங்க. வீட்டில் தெரிந்தால் செருப்பு தைப்பவரிடம் கொடுத்துச் சரி செய்யலாம். பாறைச் சரிவில் தெரிந்தால் கணுக்கால் போய்விடும்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்லணும். இவை பொருளைவிடப் பெரியவை.

முதலாவது, உங்க உடம்பு. புதர்க்காட்டில் இருக்கும் கண்ணுக்கே சரியாகத் தெரியாத சிறு பூச்சி கடித்து ‘ஸ்க்ரப் டைபஸ்’ எனும் உண்ணிக் காய்ச்சல் வரலாம். அதனால் போட்டுப்போன துணியைக் கட்டில்மேல் போடாமல் நேராக வெந்நீரில் ஊறவைத்துத் துவைங்க. நீங்களும் சோப்பு போட்டுத் தேய்த்துக் குளிங்க. அக்குள், இடுப்பு, முழங்கால் பின்புறம் பாருங்க. பயணம் முடிந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தாலோ, உடம்பில் கருப்பாகப் பொருக்குத் தட்டிய புண் தெரிந்தாலோ, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், “காட்டுக்குப் போய் வந்தேன்” என்று மறக்காமல் சொல்லுங்க. சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்திலேயே குணமாகிவிடும். விட்டால் உயிருக்கே ஆபத்து. மருத்துவ ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம்.

இரண்டாவது, காட்டின் உடம்பு. நம்ம ரோட்டோரம் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியத்தின் விதை மிகப் பொடிசு. ஷூ அடியில் ஒட்டிய சேற்றோடு சத்தமில்லாமல் மலையேறிவிடும். நீலகிரியிலும் சத்தியமங்கலத்திலும் உண்ணிச்செடி போன்ற அந்நியத் தாவரங்களை அகற்ற வனத்துறை படும் பாடு கொஞ்சமில்லை. ஆகவே ஷூவைப் பயணம் முடிந்ததும் தேய்த்துக் கழுவுங்க, கிளம்பும் முன்னும் ஒருமுறை பாருங்க. காலுறையில் ஒட்டிவந்த முட்களையும் விதைகளையும் தோட்டத்தில் உதறாமல், காகிதத்தில் மடித்துக் குப்பையில் போடுங்க.

கடைசியாக ஒரு வேலை. எல்லாம் காய்ந்த பிறகு பொருட்களைப் பரப்பி மொபைலில் ஒரு படம் எடுங்க. கிழிந்தது, தீர்ந்தது, காலாவதியான மருந்து எது என்று அதன்கீழ் குறித்து வைங்க. அடுத்த பயணத்துக்கு ஒரு வாரம் முன்னாடி நினைவூட்டும்படி அலாரம் போடுங்க. இத்தனைக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

வீட்டுக்கு வந்ததும் பயணம் முடிஞ்சிடுச்சுன்னு நினைக்காதீங்க. பை காய்ந்து பரண் ஏறும்போதுதான் முடியுது. அன்று நடுங்கிய அக்கா பையன்தான் இப்போ எங்க வீட்டில் கூடாரத்தைக் காயப்போடும் முதல் ஆள்.