அயல்நாட்டில் சமூகப்பணிக் கல்வி

 

பிள்ளை மருத்துவமோ பொறியியலோ படிக்கப் போகிறான் என்றால் நம் வீடுகளில் மகிழ்கிறார்கள். சமூகப்பணியில் முதுகலை, அதுவும் அயல்நாட்டில் என்றால், "சேவை செய்யவா கடல் தாண்ட வேண்டும்?" என்று கேட்கிறார்கள். இதற்கு விடை கூறுதல் நம் கடமை.

சமூகப்பணி என்பது தருமமன்று; முறையான தொழிற்கல்வி. அமெரிக்காவில் இம்முதுகலைக்குக் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி உண்டு. 1898-இல் நியூயார்க்கில் கோடைக்கால வகுப்பாகத் தொடங்கியதே பின்னாளில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் சமூகப்பணிப் பள்ளியாக வளர்ந்தது.

அக்கொலம்பியாவுக்கு 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகையுடன் சென்றார் அண்ணல் அம்பேத்கர். 1915-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். 1916-இல் இந்தியச் சாதிகளைப் பற்றி அங்கே கட்டுரை படித்தார். உதவித்தொகை முடிந்தமையால் 1917-இல் லண்டன் படிப்பை இடையில் நிறுத்தித் திரும்பினார். பரோடாவில் அப்பட்டதாரிக்குத் தங்க இடம் கொடுப்பார் இல்லை. எனினும் 1920-இல் மீண்டும் லண்டன் சென்று படித்து முடித்தார். பொருள் நின்றால் படிப்பு நிற்கும். பட்டம் பெற்றதாலேயே தீண்டாமை அகலாது. இவ்விரண்டையும் அறிந்தே நாம் புறப்பட வேண்டும்.

பொருளுக்கு வழி உண்டு. நடுவண் அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55 முதல் நடைபெறுகிறது. அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் மொத்தம் 125 இடங்கள். அவற்றுள் 115 பட்டியல் சாதியினர்க்கு. 30 விழுக்காடு பெண்களுக்கு. குடும்ப ஆண்டு வருமானம் 8 இலட்சத்திற்கு மிகாமலும், வயது 35-க்கு உட்பட்டும், மதிப்பெண் 60 விழுக்காட்டிற்குக் குறையாமலும் இருத்தல் வேண்டும்.

ஆயினும் 2022-இல் ஒரு விதி சேர்ந்தது. இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இத்தொகை இல்லை என்பதே அது. அண்ணல் 1916-இல் எடுத்த பொருளை இன்று நம் பிள்ளை இத்தொகையில் எடுக்க இயலாது என்றால், இவ்விதியை எதிர்த்துப் பேசுவது நம் உரிமை. அதுவரை, மனநலம், குழந்தைகள் நலம், போதை மீட்பு போன்ற துறைகளைக் கற்கலாம். முறையை அங்கே கற்போம். பொருள் இங்கே காத்திருக்கிறது.

இன்னும் ஓர் எச்சரிக்கை. பெயரில் 'சமூகம்' என்றிருக்கும் பட்டமெல்லாம் சமூகப்பணியாளர் உரிமம் தராது. அந்நாட்டுத் தொழிற்குழுவின் ஏற்புப் பெற்ற படிப்புதானா என்று பார்த்த பின்னரே கட்டணம் செலுத்துங்கள். தரகர் சொல்லை நம்பி நிலத்தை அடகு வைக்காதீர்கள்.

புறப்படுமுன் ஓரிரண்டு ஆண்டு ஊரில் உழையுங்கள். 1947 முதல் கிராமப் பணி நடைபெறும் காந்திகிராமம் நமக்கு அண்மையில் உள்ளது. வேடசந்தூர் நூற்பாலைகளில் இரவு முறையில் உழைக்கும் பெண்கள், தோல் ஆலைக் கழிவு கலந்த கிணறுகள், படிப்பை இடையில் விட்ட பிள்ளைகள் ஆகிய இவற்றைக் கண்டறிந்தவனின் விண்ணப்பத்தில் உண்மை இருக்கும்.

இதுவரை நம் சேரிகளைப் பிறர் வந்து கணக்கெடுத்தார்கள். அறிக்கையைப் பிறர் எழுதினார்கள். இனி அவ்வறிக்கையை நம் பிள்ளைகள் எழுத வேண்டும். ஆங்கிலத் தேர்வுக் கட்டணத்திற்கும் விண்ணப்பச் செலவிற்கும் நம் சங்கம் ஒரு நிதி தொடங்குமாறு இவ்வெள்ளி விழாவில் வேண்டி அமைகிறோம்.