வான்கதவு திறக்குமுன் யாருக்குச் சொல்வது?

(கிளிநொச்சியில் கமக்காரர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சட்டம் படித்தவர்களுக்கு வெள்ளத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். மழை பெய்வது இயற்கை. மழை வருவதை அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்லாதிருப்பது நிர்வாகம். நிர்வாகத்தைக் கேள்வி கேட்பது எமது தொழில்.

2018 டிசெம்பர் 21ஆம் திகதி இரவை இங்குள்ள எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். இரணைமடு நிரம்பி வழிந்தது. கண்டாவளைப் பக்கத்துக் கிராமங்கள் நீரில் நின்றன. வான்கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்று பின்னர் விசாரணையும் நடந்தது. நாம் கேட்பது வேறொரு கேள்வி: கதவைத் திறப்பவர், திறக்குமுன் யாருக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்? மழையின் கணக்கு வளிமண்டலவியல் திணைக்களத்திடம் இருக்கிறது. குளத்தின் மட்டம் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்குத் தெரியும். பாடசாலையைத் திறந்து மக்களைத் தங்கவைக்க வேண்டியவர் பிரதேச செயலாளர். எந்த வீட்டில் எழுந்து நடக்கமாட்டாத கிழவி கிடக்கிறாள் என்பதை அறிந்தவர்களோ நீங்கள். இந்த நால்வரும் மழைக்கு முன்னர் ஒருமுறையேனும் ஒரே மேசையில் இருந்ததுண்டா?

சட்டம் இல்லாமல் இல்லை. 2004இல் ஆழிப்பேரலை இந்நாட்டில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன பின்னர், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் பிறந்தது. ஜனாதிபதி தலைமையில் ஒரு தேசிய சபை. அதில் ஒவ்வொரு மாகாண முதலமைச்சருக்கும் ஓர் ஆசனம். ஆனால் வட மாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை. இரு மாதங்களில் வெள்ளம் வந்தபோது எமது ஆசனம் வெறுமையாய்க் கிடந்தது. முதலமைச்சர் இருந்திருந்தால் மழை நின்றிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. கேட்பதற்கு ஒரு வாயாவது இருந்திருக்கும்.

இதே வங்கக்கடலின் வடகரையில் உள்ள நாட்டைப் பாருங்கள். இன்றைய வங்காளதேசத்தில் 1970ஆம் ஆண்டுப் புயல் ஏறத்தாழ மூன்று இலட்சம் உயிர்களைக் குடித்தது. அதன்பின் அரசாங்கமும் செம்பிறைச் சங்கமும் சேர்ந்து கரையோரமெங்கும் தொண்டர் படை அமைத்தன. எச்சரிக்கை கிடைத்ததும் அத்தொண்டர்கள் ஒலிபெருக்கியோடு வீடு வீடாகச் செல்கின்றனர். 2020இல் அம்பான் புயல் கரையேறுமுன் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பான இடங்களுக்கு அகற்றப்பட்டனர். இறந்தோர் சில பத்துப் பேர். எம்மைவிடச் செல்வமுள்ள நாடல்ல அது.

கொழும்பின் திருமுகத்துக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் உங்கள் அமைப்புக்குச் சட்ட அந்தஸ்துத் தந்திருக்கிறது. காலபோகக் கூட்டத்தில் விதைப்புத் திகதியையும் நீர் விடும் திகதியையும் உத்தியோகத்தரோடு ஒன்றாக இருந்தே தீர்மானிக்கிறீர்கள். அதே கூட்டத்தில் இதையும் தீர்மானியுங்கள்: எந்த மட்டத்தில் வான்கதவு திறக்கப்படும், எத்தனை மணி நேரத்துக்கு முன், யார் யாருக்கு, தமிழில் அறிவிப்பது. கடற்றொழிலாளர் சங்கத்தையும் கூட்டுறவுச் சங்கத்தையும் பிரதேச சபையையும் அழையுங்கள். கோவில் மணியும் தேவாலய மணியும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் இதற்கு உதவட்டும். முடிவைக் கூட்ட அறிக்கையில் எழுத்திற் பதியச் செய்யுங்கள். வாய்ப்பேச்சு நீதிமன்றத்தில் நிற்காது.

இதற்கான தீர்மானத்தை வரைந்து கொண்டுவந்திருக்கிறோம். தலைவரின் அனுமதியோடு இப்போது வாசிக்கிறோம். திருத்தம் இருப்பின் சொல்லுங்கள்.