தெருவுக்குரிய முகம்



ஒரு வீட்டின் முகப்பு யாருக்கு உரியது? பத்திரத்தின்படி வீட்டுக்காரருக்கு உரியது. ஆயினும் அதனை நாள்தோறும் காண்பவர் எதிர்வீட்டாரும் தெருவில் நடப்போருமே ஆவர். நகரங்கள் இடித்துக் கட்டப்படும் இக்காலத்தில், பழைய முகப்புகளைக் காப்பது பற்றிய வழக்கு பெரும்பாலும் இவ்வொரு வினாவில் அடங்கும். புதுச்சேரியின் தெருக்கள் இதற்கு விடை கூறுகின்றன.

அந்நகரின் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுப் பகுதியின் மாளிகைகள் பல உயர்ந்த மதிலுக்குள் ஒதுங்கி நிற்பவை. அவற்றின் தூண்வரிசையும் தோட்டமும் வாயிற்கதவுக்கு உள்ளேதான். வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் வீடுகளின் இயல்பு வேறு. தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுத் தாழ்வாரம். அதன் நிழலில் திண்ணை. அதற்கும் பின்னர்தான் வாசற்கதவு. வெயிலுக்கும் மழைக்கும் வழிப்போக்கர் ஒதுங்குமாறு, வீட்டுக்காரர் தம் இல்லத்தின் முன்பகுதியைத் தெருவுக்கு ஈந்திருக்கிறார். சில வீடுகளில் கீழே தமிழ்த் திண்ணையும் மேலே பிரெஞ்சுப் பாணியிலான வளைவுச் சாளரங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. பாரதியார் 1908 முதல் 1918 வரை வாழ்ந்ததும் பாரதிதாசன் பிறந்ததும் இந்நகரில்தான்.

இவ்வீடுகள் இடிபடுவதற்கு மனிதரின் கல்நெஞ்சம் காரணமன்று. பாகப்பிரிவினை ஆனதும் ஒரு வீட்டுக்குப் பலர் உரியவர் ஆகின்றனர். மனையின் விலை ஏறுகிறது. செப்பனிடும் செலவும் ஏறுகிறது. சுண்ணாம்புச் சாந்து அறிந்த கொத்தனார் அரிதாகிவிட, விரிசலில் சிமெண்டு பூசப்படுகிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளிவிட்டு வாழ்வது. சிமெண்டுப் பூச்சு அவ்வீரத்தை உள்ளே அடைத்துச் சுவரை நலியச் செய்கிறது. காக்க எண்ணிய கையே கேடு விளைவிக்கிறது. ஒரு வீடு வீழ்ந்தால் தாழ்வாரங்களின் தொடர்நிழல் அறுபடுகிறது. அண்டைச் சுவரும் துணை இழக்கிறது.

வைசியாள் வீதி இதற்கு ஒரு வழி காட்டிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தின் உதவியோடு, இன்டாக் அமைப்பின் முயற்சியில், 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் அவ்வீதியின் முகப்புகள் வரிசையாகச் செப்பனிடப்பெற்றன. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் அம்முயற்சி சிறப்பிக்கப்பட்டது. தெரு துய்க்கும் முகப்பின் செலவில் பொதுப்பணமும் பங்கேற்றது என்பதே அதன் சிறப்பு. ‘அழகு ஊருக்கு, சுமை உனக்கு’ என்று ஒரு குடும்பத்திடம் கூறுவது அறமாகாது.

பொதுச் சொத்தாக இருப்பது மட்டும் போதாது என்பதற்கும் அந்நகரிலேயே சான்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் எழுந்த மேரி கட்டடம், செப்பனிடக் காத்திருந்த நிலையிலேயே, 2014 நவம்பரில் மழையில் இடிந்து வீழ்ந்தது. கடற்கரைச் சாலையில் அதே தோற்றத்தில் மீண்டும் கட்டப்பெற்று, 2021இல் திறக்கப்பட்டது. வடிவம் மீண்டது நன்றே; ஆனால் பழைய கொத்தனாரின் கைத்தடம் மீளவில்லை. மூலச்சுவடி எரிந்தபின் எடுத்த படி, எத்துணைப் பிழையின்றி அமைந்தாலும், படியே ஆகும். உரிய காலத்தில் அடைத்திருக்கக்கூடிய விரிசலுக்கு ஈடாக ஒரு கட்டடத்தையே எழுப்ப வேண்டியதாயிற்று.

முகப்பை மட்டும் நிறுத்திப் பின்னே யாவற்றையும் இடிப்பது முழுமையான காப்பு ஆகுமா என்பாரும் உளர். அவர் ஐயம் நியாயமானதே. கம்பிவேலி இட்டு ஒருவரும் அமர முடியாமற் செய்த திண்ணை, வெறும் மேடையே. எனினும் முகப்பும் போய்விட்டால், திண்ணை என்னும் சொல்லுக்குப் பொருள் கூற நிகண்டு ஒன்றே எஞ்சும். சொல்லைக் காப்பவர் கவிஞர். அச்சொல் குறிக்கும் பொருளையும் காக்குமாறு ஊரை வேண்டும் உரிமை அவர்க்கே முதலில் உண்டு.