அந்தப் பத்தொன்பது பேரையும் பாடமாக்குங்கள்



எனக்கு முன்னால் பேசியவர்கள், பள்ளியில் கீர்த்தனை சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார்கள். கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். கூடவே இன்னொரு பாடமும் வையுங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். 2018 ஜனவரியில், கீழ்ப்பாக்கத்து மைதானத்தில், கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு 19 பேர் மேடை ஏறினார்களே, தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், அந்தக் குழுவை என் பிள்ளைகளுக்குப் பாடமாக வையுங்கள்!

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. ஒரு பக்கம் கிட்டார், டிரம்ஸ். இந்தப் பக்கம் பறை, சட்டி, கட்டமோளம். ராக்கும் ராப்பும் கானாவும் தோளில் கை போட்டு நின்றன. சாவு வீட்டு வாசலோடு நிற்கச் சொன்னோமே அந்தச் சட்டியை, அது நடுமேடைக்கு வந்தது அய்யா!

ஓர் ஆசிரியை இருக்கிறார். பேர் சொன்னால் அவருக்குத் தொல்லை, சொல்ல மாட்டேன். வாரத்துக்கு ஒரு பாட்டு பீரியட், அதையும் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வார். ஒருநாள் எப்படியோ அந்த பீரியட் ஆசிரியையின் கைக்கே வந்தது. போனில் இந்தக் குழுவின் பாட்டைப் போட்டார். வருஷம் பூரா வாய் திறக்காத கடைசி பெஞ்சுப் பையன், பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தான். தாளம் இம்மியும் பிசகவில்லை. “எங்கடா கத்துக்கிட்ட?” என்று கேட்டிருக்கிறார். “எங்கப்பா சட்டி அடிப்பாரு மிஸ்.” அதுவரைக்கும் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் பெயின்டர் என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை அது! தட்டுங்கள், அந்தப் பிள்ளைக்காக நன்றாகக் கை தட்டுங்கள்.

அந்த ஆசிரியையைக் கூப்பிட்டு, “இதெல்லாம் பாட்டா?” என்று கேட்டார்கள். யார் கேட்டார்கள்? எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும் அந்த இனத்தை. இதோ நம் கோட்டூர்புரத்துத் தெருவில் நிற்கிறதே அண்ணா நூற்றாண்டு நூலகம், எட்டு ஏக்கர், ஒன்பது மாடி, 2010-இல் திறந்தது. மறு வருஷமே அதை மருத்துவமனை ஆக்குகிறோம் என்று கிளம்பினார்களே, அதே இனம்தான்! உயர் நீதிமன்றம் தடுத்தது, நூலகம் நின்றது. இன்றைக்குப் போய்ப் பாருங்கள், குடிசை மாற்று வாரியக் குடியிருப்புப் பிள்ளை அங்கே உட்கார்ந்து படிக்கிறது. அது படிப்பது பிடிக்காதவர்களுக்கு, அது பாடுவது மட்டும் பிடித்துவிடுமா?

இந்தப் பாடத்தில் என்ன இருக்கிறது என்கிறார்கள். அயோத்திதாசப் பண்டிதர் இருக்கிறார்! சாதியில்லாத் தமிழர் என்ற அவர் சிந்தனையில் இருந்துதான் குழுவின் பெயரே வந்தது. 1907-இல், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், ராயப்பேட்டையில் ‘ஒரு பைசாத் தமிழன்’ பத்திரிகை தொடங்கியவர். இசைவாணி இருக்கிறார்! ஆண்கள் கோட்டையாக இருந்த கானாவுக்குள் நுழைந்து பாடி, 2020-இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பிடித்த ராயபுரத்துப் பெண். ராப் பாடகர் அறிவு இருக்கிறார்! ஒரு பாட்டைப் போட்டால் வரலாறு, தாளம், தமிழ் மூன்றும் நடத்தலாம். வேறு ஊரில் இதைச் செய்யவில்லையா? இங்கிலாந்தில் 2016 முதல் ஒரு தேர்வு வாரியம் பீட்டில்ஸ் பாட்டை இசைப் பாடத்தில் வைத்தது. அவர்கள் ஊர்ப் பிள்ளைகள் பாடியது, அவர்கள் வைத்துக்கொண்டார்கள். நாம் மட்டும் ஏன் தயங்க வேண்டும்? 2017-இல் யுனெஸ்கோ நம் சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரம் என்று அறிவித்தது. சபா இருக்கிற தெரு மட்டுமா சென்னை? வியாசர்பாடி சென்னை இல்லையா? நம் சூர்யா நகர் சென்னை இல்லையா?

மறுபடியும் அந்த ஆசிரியையிடம்தான் வருகிறேன், என்னால் அவரை விட முடியவில்லை. விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரமும் அதே பாட்டைப் போட்டார் அந்த அம்மா!

கல்வித் துறையில் இருப்பவர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்களைக் கையெடுத்துக் கேட்கிறேன். அந்த ஒரு பீரியடைக் கணக்குக்குக் கொடுக்காதீர்கள். அந்தப் பையனின் அப்பாவைப் பள்ளிக்குக் கூப்பிடுங்கள், நாற்காலி போடுங்கள், சம்பளம் கொடுங்கள், பிள்ளைகளுக்குச் சட்டி அடிக்கச் சொல்லித்தரச் சொல்லுங்கள்.