சொந்த லாரி வாங்குமுன் வீட்டில் போட வேண்டிய கணக்கு
(தொழில் வழிகாட்டிக் கூட்டத்தில் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)





அடுத்தவர் லாரியைப் பல வருடங்கள் ஓட்டிய சகோதரர்களுக்கு, "இனி நமக்கு நாமே ஓட்டினால் என்ன?" என்ற எண்ணம் வருவது இயல்பு. அது நியாயமான ஆசைதான். ஆனால் அதற்காக அடகுக்குப் போவது வீட்டுப் பெண்களின் நகை; பிணையாகப் போவது பிள்ளைகள் குடியிருக்கும் வீடு. அதனால்தான் இந்தக் கணக்கைத் தாய்மார்களும் கேட்கட்டும் என்று இங்கே சொல்கிறோம்.

லாரியின் வருமானம் வேறு, டிரைவரின் கூலி வேறு. முதலாளி இன்று உங்களுக்குத் தரும் சம்பளத்தையும் படியையும் முதலில் செலவில் எழுதுங்கள். அதையும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் லாரி சம்பாதித்தது. ஒன்றும் மிஞ்சவில்லை என்றால், கடன் சுமையோடு பழைய கூலிக்கே ஓட்டுகிறோம் என்று பொருள்.

லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி 1,000 கிலோமீட்டர் போக 250 லிட்டர் டீசல் வேண்டும். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் 23,000 ரூபாய். ரிட்டர்ன் லோடு கிடைக்காமல் காலியாகத் திரும்பினாலும் டீசலும் டோலும் நம் கைக்காசுதான். புரோக்கர் கமிஷன், ஏற்றுகூலி, இறக்குகூலி, டயர், ஆயில், இன்சூரன்ஸ், சாலை வரி எல்லாவற்றையும் எழுதுங்கள். நேஷனல் பர்மிட்டுக்கு ஆண்டுக் கட்டணமே 16,500 ரூபாய். லோடு இறக்கிய பிறகும் வாடகைப் பாக்கி கைக்கு வர நாளாகும். அதுவரை அடுத்த நடைக்கு டீசல் போடக் கையில் பணம் இருக்க வேண்டும்.

விலை குறைவு என்று பழைய வண்டி பார்ப்பவர்கள் ஆர்.சி.யில் வயதைப் பாருங்கள். 8 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். சாதாரண லாரிக்கு 12 வருடமும், மல்டி ஆக்சில் வண்டிக்கு 15 வருடமும்தான் நேஷனல் பர்மிட் கிடைக்கும். 9 வருடமான இரண்டு ஆக்சில் லாரியை வாங்கினால், வெளிமாநில லோடு அடிக்க மிச்சம் இருப்பது 3 வருடம்தான்.

ஓட்டுபவரும் உரிமையாளரும் ஒருவரே என்றால், அவர் காய்ச்சலில் படுத்தால் வண்டியும் படுத்துவிடும். மாத டியூ மட்டும் நிற்காது. டியூவுக்குப் பயந்து தூக்கம் விட்டு ஓட்டுவது உயிருக்கே ஆபத்து.

வட்டிக் கடனில் இறங்காமல் இதற்கு வழி உண்டா என்று கேட்கலாம். உண்டு. வசதியுள்ளவர் வண்டியை வாங்க, டிரைவர் உழைப்பைத் தர, லாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பங்கிடும் முளாரபா முறை நம் மார்க்கத்தில் இருக்கிறது. டிரைவர் தரப்பில் தவறு இல்லாமல் நஷ்டம் வந்தால், பண நஷ்டம் முதல் போட்டவரைச் சேரும். டிரைவருக்கு அவர் உழைப்பு வீணாகும். சொந்தக்காரர்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டுவிடாதீர்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் சூரத்துல் பகராவின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆகவே, அவசரப்படாதீர்கள். இப்போது ஓட்டும் வண்டியிலேயே மூன்று மாதம், ஒவ்வொரு நடையின் வரவையும் செலவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வண்டி நின்ற நாட்களையும் குறியுங்கள். பிறகு மனைவி மக்களோடு உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். உங்கள் கூலி போக மிஞ்சினால், அந்த நோட்டோடு வாருங்கள். கூட்டுச் சேர ஆள் தேட நாமும் துணை நிற்போம். மிஞ்சாவிட்டால், கூலிக்கு ஓட்டுவதில் எந்தக் குறைவும் இல்லை. அதுவும் ஹலாலான உழைப்புதான். வீடும் நகையும் பத்திரமாக இருக்கும்.

அல்லாஹ் நம் அனைவருடைய ரிஸ்கிலும் பரக்கத் செய்வானாக. சாலையில் இருக்கும் நம் சகோதரர்களைப் பத்திரமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.