கண்ணாடிப் பேழைக்குள் மறியல் அட்டை
(தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)

அருங்காட்சி சாலை என்றால் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? ராஜாவின் வாள், ராணியின் நகை! ஆனால் அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் ஸ்தாபனத்தின் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்திலே சில மறியல் அட்டைகள் இருக்கின்றன. 2006-ல் அங்கே சேர்ந்தன. 2007-ல் ஜனங்கள் பார்க்க வைக்கப்பட்டன.

யார் தூக்கிய அட்டைகள்? ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள் - தன்பாலீர்ப்பினர் - தூக்கியவை. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. சிரிப்பதற்கு முன் மீதியையும் கேளுங்கள்.

அமெரிக்காவில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அதே காலத்தில் இவர்களையும் வேட்டையாடினார்கள். 1953 ஏப்ரலில் ஜனாதிபதி ஐசன்ஹோவர் 10450-ம் எண் உத்தரவில் கையெழுத்திட்டார். ஆயிரக்கணக்கானோர் சர்க்கார் வேலையை இழந்தனர்.

சொன்ன காரணம் என்ன? இவர்களுடைய ரகசியத்தைக் காட்டி எதிரி நாடு மிரட்டுமாம்! விஷயம் வெளியானால் வேலை போகும் என்ற பயம் இருந்தால்தானே மிரட்ட முடியும்? அந்தப் பயத்தை வளர்த்தது யார்? அதே சர்க்கார்தான்!

பிராங்க் கேமனி ஒரு வானநூல் விஞ்ஞானி. இரண்டாம் உலக யுத்தத்தில் போர்முனையில் நின்றவர். 1957-ல் ராணுவ வரைபட இலாகா அவரை வெளியே தள்ளியது. அவர் போட்ட கணக்கில் பிழை உண்டா என்று பார்க்கவில்லை. யாரை நேசிக்கிறார் என்றுதான் துருவினார்கள். 1961-ல் சுப்ரீம் கோர்ட்டும் அவர் வழக்கை ஏற்க மறுத்தது.

கேமனி ஓயவில்லை. 1965 ஏப்ரல் 17-ல் சுமார் பத்துப் பேர் ஜனாதிபதியின் வெள்ளை மாளிகை முன்னே அட்டை தூக்கி நடந்தார்கள். பத்தே பேர்! ஜூன் மாதம் சர்க்கார் உத்தியோகக் கமிஷன் வாசலிலும் மறியல் நடந்தது. பத்தாண்டு கழித்து, 1975-ல், அந்தக் கமிஷன் தடையை நீக்கியது. 2009-ல் சர்க்கார் கேமனியிடம் மன்னிப்புக் கேட்டது. அப்போது அவருக்கு வயது 84! தனியார் முதலாளிகளும் இக்காரணத்துக்காக வேலைநீக்கம் செய்யக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது 2020-ல்தான்.

தோழர்களே! பறிபோன உத்தியோகத்தை அருங்காட்சியகம் திருப்பித் தராது. ஆனால் சர்க்கார் செய்த அநியாயத்துக்குச் சர்க்காரின் தலைநகரிலேயே அது சாட்சி நிற்கிறது. கூலிக்கு உழைக்கும் நமக்கு அதிலே பாடம் உண்டு. உழைப்பைப் பார்க்காமல் ஆளைப் பார்த்து வேலையைப் பறிக்கும் கத்திக்கு, இன்று அவன் கழுத்து, நாளை நம் கழுத்து. பக்கத்திலே நிற்பவனுக்காக இன்றே வாய் திறப்போம்!