ஆண்மைப் பயிற்சியும் பொறுமையும்

வீட்டில் ஒருவனுக்குப் பல்வலி என்றால் வீடு முழுவதும் அறியும். காய்ச்சல் என்றால் அயல்வீடும் அறியும். ஆனால் தன் ஆண்மையைப் பற்றி ஓர் இளைஞனின் உள்ளத்தில் ஐயம் பிறந்துவிட்டாலோ, அதை அறிந்தவன் அவன் ஒருவனே. தந்தையிடம் சொல்ல நாணம். தமையனிடம் சொல்ல அச்சம். வைத்தியரிடம் சொல்லவும் கூச்சம். எல்லாரும் வாய்மூடி இருக்கும் இவ்விடயத்தில் ஓயாது பேசுபவர் ஒருவர் மட்டும் உண்டு. அவர்தாம் விளம்பரக்காரர். ஒரு காலத்தில் மதிற்சுவரிலும் சஞ்சிகையின் கடைசிப் பக்கத்திலும் நின்று அழைத்தவர், இன்று கைத்தொலைபேசியின் சிறு திரையிலே வந்து அழைக்கிறார். "முப்பது நாளில் பலன் நிச்சயம்" என்பது அவருடைய மூலமந்திரம்.

அவர் விற்பவை மருந்துகள் மட்டுமல்ல, பயிற்சிகளும் உண்டு. உறுப்பை இழுத்து நீட்டும் பயிற்சி, பசுவிடம் பால் கறப்பதுபோல் உருவிவிடும் பயிற்சி, பாரம் கட்டித் தொங்கவிடும் பயிற்சி எனப் பலவகை. மருந்து குடித்தால் உடலுக்குக் கேடு வரலாம் என்று அஞ்சுகிறவனும், "பயிற்சிதானே, இதில் என்ன தீங்கு?" என்று எண்ணி இறங்கிவிடுகிறான். ஆகவே, இப்பயிற்சிகளில் எது மெய், எது பொய், எது ஆபத்து என்று பகுத்து அறிதல் நன்று.

முதலிலே அளவு பற்றிய அச்சத்தை நோக்கலாம். 2015ஆம் ஆண்டிலே பிரித்தானிய ஆராய்ச்சியாளர், பல நாடுகளில் சுகாதாரத் துறையினர் முறைப்படி எடுத்த அளவீடுகளைத் திரட்டி ஆராய்ந்து வெளியிட்டனர். மொத்தம் 15,521 ஆண்களின் அளவீடுகள் அவை. அவற்றின்படி, ஆணுறுப்பின் சராசரி நீளம் தளர்ந்த நிலையில் 9.16 சென்ரிமீற்றர், விறைத்த நிலையில் 13.12 சென்ரிமீற்றர். பெரும்பாலான ஆண்கள் இச்சராசரியைச் சற்று முன்பின்னாகச் சூழ்ந்தே நிற்கின்றனர். விளம்பரக்காரர் காட்டும் அளவோ ஆயிரத்தில் ஒருவருக்கும் அரிதானது. மேலும், தன் உடலை மேலிருந்து கீழே நோக்குபவனுக்கு அது குறுகித் தோன்றுவது கண்ணின் இயல்பு. குளிரிலும் அச்சத்திலும் உறுப்புச் சுருங்குவது உடலின் இயல்பு. தொந்தி பெருத்தவனுக்கு அடிப்பகுதி கொழுப்பிலே புதைந்து மறைவது கொழுப்பின் குற்றமேயன்றி உறுப்பின் குற்றமன்று.

அச்சம் எத்துணைப் பெரிய நோயாக வளரக்கூடும் என்பதற்குச் சிங்கப்பூரிலே நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி சான்று. 1967ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்நகரிலே ஒரு வதந்தி பரவியது. பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி ஏற்றப்பட்ட பன்றியின் இறைச்சியை உண்டவர்களுக்கு ஆணுறுப்பு உடலுக்குள்ளே சுருங்கி மறைந்துபோகும் என்றும், அதனால் உயிரும் போகும் என்றும் மக்கள் பேசிக்கொண்டனர். நூற்றுக்கணக்கானோர் உறுப்பைக் கையாற் பற்றியபடியும், கயிற்றினாற் கட்டியபடியும், இடுக்கியினாற் கவ்வியபடியும் வைத்தியசாலைக்கு ஓடிவந்தனர். அங்கே பதிவானோர் தொகை 469. வைத்திய அறிஞர்கள் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தோன்றி, உறுப்பு உடலுக்குள் மறைவது நிகழவே முடியாதது என்று பொறுமையாக எடுத்துரைத்தனர். சில நாட்களில் கூட்டம் தணிந்தது. அங்கே நோய் என்று ஒன்று இருக்கவில்லை. இருந்தது அச்சம் மட்டுமே. எவருக்கேனும் காயம் நேர்ந்திருந்தால், அது இழுத்த கையாலும் கவ்விய இடுக்கியாலும் நேர்ந்ததே.

நம் பக்கத்து நாடுகளிலும் இதற்கு ஒப்பான அச்சம் ஒன்று உண்டு. விந்து வெளியேறினால் உடலின் சாரமே போய்விட்டது என்று எண்ணிச் சோர்வுற்று நலிவோர் பலர். இந்திய மனநல வைத்தியரான என். என். விக் 1960ஆம் ஆண்டில் இதனைத் "தாது" நோய்க்குறி என்று பெயரிட்டு விவரித்தார். இலங்கை வைத்தியர்களும் இத்தகையோரைக் கண்டு எழுதியுள்ளனர். உடல் விந்தை இடையறாது ஆக்கிக்கொண்டே இருக்கிறது. அது வெளியேறுவதால் வலிமை குன்றுவதில்லை என்பதே வைத்திய சாத்திரத்தின் முடிவு.

இனி, இழுத்து வளர்க்கும் பயிற்சிகளைப் பார்க்கலாம். மேற்கையிலே தசை உண்டு. பாரம் தூக்கினால் அத்தசை பருக்கும். இதைக் கண்டவன், அதே நியாயம் ஆணுறுப்புக்கும் பொருந்தும் என்று மயங்குகிறான். ஆணுறுப்பின் தண்டு அவ்வாறு பருக்கத்தக்க தசையினால் ஆனதன்று. அதனுள்ளே பஞ்சு போன்ற இழையம் உண்டு. அதனைச் சுற்றி உறுதியான உறை உண்டு. குருதி உள்ளே பாய்ந்து நிறைந்து, வெளியேறும் வழி அடைபடும்போது விறைப்பு உண்டாகிறது. பஞ்சையும் உறையையும் கையால் முறுக்கி உருவுவதனால் அவை வலுப்பெறுவதில்லை. நுண்ணிய குருதிக் குழாய்கள் உடைந்து கன்றிப்போதல், உணர்ச்சி மரத்தல், வலி, வடு ஆகியனவே அதன் விளைவுகளாகக் காணப்படுகின்றன. உறையிலே வடு உண்டானால் விறைப்பின்போது உறுப்பு ஒருபுறமாக வளைந்துவிடும். இவ்வளைவு நோயை 1743ஆம் ஆண்டிலே பிரான்சிய மன்னரின் சத்திரவைத்தியரான பெய்ரோனி விவரித்தார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. நீளத்தை நாடிப் புறப்பட்டவன் வளைவைத் தேடிக்கொள்வது பரிதாபத்துக்குரியது.

இழுவைக் கருவி வைத்தியத்திலே அறவே இல்லையா என்று வினவலாம். உண்டு, மேற்கூறிய வளைவு நோய்க்கு வைத்தியரின் மேற்பார்வையில் அது பயன்படுத்தப்படுகிறது. குறுமையால் வருந்திய சில ஆண்களிடத்து இத்தாலிய வைத்தியர்கள் அதனைச் சோதித்து 2009ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்துக்குக் குறையாமல், ஆறு மாதம் அக்கருவியை அணிந்தபின், நீட்டி அளந்தபோது கிடைத்த சராசரிப் பேறு 1.7 சென்ரிமீற்றர். அளந்து அமைத்த கருவியும், வைத்தியரின் கண்காணிப்பும், ஆறு மாதப் பொறுமையும் சேர்ந்தே இவ்வளவுதான் தந்தன என்றால், முப்பது நாளில் முழு மாற்றம் என்ற வாக்குறுதியின் மதிப்பை நேயர்களே அளந்துகொள்ளலாம்.

அவ்வாறாயின் ஆண்மைக்குப் பயன்தரும் பயிற்சி ஒன்றுமே இல்லையா? உண்டு. அது நீளத்துக்கு அன்று, செயலுக்கு. அது தண்டிலே செய்வதன்று. இடுப்பின் அடித்தளத்திலே செய்வது. முன்னெலும்பிலிருந்து வால் எலும்புவரை ஊஞ்சற் பலகை போல் அமைந்து, சிறுநீர்ப்பையையும் குடலையும் தாங்கி நிற்கும் தசைகள் சில உண்டு. அவற்றுட் சில ஆணுறுப்பின் அடியைத் தழுவி நின்று, விறைப்பின்போது குருதி திரும்பி ஓடாவண்ணம் அழுத்திக் காக்கின்றன. அமெரிக்க வைத்தியரான ஆர்னோல்ட் கேகல், மகப்பேற்றுக்குப்பின் சிறுநீர் கசியும் தாய்மாருக்கென இத்தசைகளுக்கான பயிற்சியை 1948ஆம் ஆண்டிலே விளக்கி எழுதினார். தாய்மாருக்குப் பயன்பட்டது ஆண்களுக்கும் பயன்படும் என்பது பின்னர் தெரியவந்தது.

இங்கிலாந்திலே, விறைப்புக் குறைவினால் வருந்திய 55 ஆண்களைக் கொண்டு ஒரு சோதனை நடைபெற்றது. இயன்முறை மருத்துவர் கிரேஸ் டோரியும் அவருடைய குழுவினரும் அதனை நடத்தினர். பயிற்சி செய்து ஆறு மாதம் ஆனபின் நூற்றுக்கு 40 பேர் இயல்பான செயலை மீளப் பெற்றனர், 35.5 பேர் முன்னேற்றம் கண்டனர், எஞ்சிய 24.5 பேருக்குப் பயன் கிட்டவில்லை. எல்லாருக்கும் பலன் என்று அவர்கள் கூறவில்லை. உண்மையான வைத்தியத்தின் அடையாளம் அதுவே.

செய்முறை எளிது. முழங்காலை மடித்து மல்லாந்து படுக்க வேண்டும். வயிற்றுக் காற்று வெளியேறாமல் அடக்குவதுபோல் குதத்தைச் சுற்றியுள்ள தசையை உள்ளிழுக்க வேண்டும். உறுப்பின் அடி சற்றே உள்வாங்கி, விதைகள் சற்றே மேலெழும்பினால், பிடித்த தசை சரியானது. தொடையையும் பிட்டத்தையும் இறுக்கலாகாது; மூச்சை அடக்கலாகாது. தொடக்கத்தில் மூன்று அல்லது ஐந்து செக்கன் இறுக்கி, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். இவ்வாறு பத்து முறை. நாளில் மூன்று வேளை. வாரங்கள் செல்லச் செல்லப் பத்துச் செக்கன் வரை கூட்டலாம். இருந்தும் நின்றும் செய்யப் பழகலாம். சிறுநீர் கழிக்கும்போது இடையில் நிறுத்திப் பார்ப்பதைப் பயிற்சியாகக் கொள்ளலாகாது. இறுக்குவதைப் போலவே தளர்த்துவதும் பயிற்சியின் பாதி என்பதை மறக்கலாகாது. இடுப்பிலோ விதையிலோ வலி இருப்பவருக்கு அத்தசைகள் ஏற்கெனவே இறுகியிருக்கக்கூடும். அவர்கள் வைத்தியரைக் காணாமல் இதனைத் தொடங்குதல் கூடாது.

பலன் தெரிய மூன்று மாதமாகும். சிலருக்கு ஆறு மாதமும் ஆகலாம். இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லையென்று இருமடங்கு செய்பவன் தசையைக் களைக்கவைப்பானேயன்றி வளர்க்கமாட்டான். பதறாத காரியம் சிதறாது என்று முன்னோர் சொன்னது இங்கும் பொருந்தும்.

இவையனைத்திலும் முக்கியமான செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. நடுவயதிலே விறைப்புக் குறைவது, பல வேளைகளில் உறுப்பின் நோயன்று. குருதிக் குழாய்களின் நோய். ஆணுறுப்புக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அகலமே உடையது. இதயத்தின் நாடிகள் அதனினும் பெரியவை. ஆகவே நாடிகளிலே கொழுப்புப் படியத் தொடங்கும்போது, சிறிய நாடி முதலில் அடைபடும். மாரடைப்புப் பின்னால் வரும். நீரிழிவும், உயர் குருதியமுக்கமும், புகைத்தலும் இதற்குத் துணைபோவன. இக்குறையை மறைத்து அறையின் கதவைச் சாத்திப் பயிற்சி செய்பவன், தன் இதயம் முன்கூட்டியே அனுப்பிய எச்சரிக்கைக் கடிதத்தைப் படிக்காமலே கிழித்தெறிகிறான். நாளும் வேகமாக நடப்பதும், புகைத்தலைக் கைவிடுவதும், குருதியிற் சீனியின் அளவைப் பார்ப்பதும் ஆண்மைக்கும் ஆயுளுக்கும் ஒருங்கே நலம் செய்வன.

மூலிகை என்று பெயரிட்டு விற்கப்படும் சில மாத்திரைகளில், 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதிபெற்ற சில்டனபில் என்னும் மருந்து இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதை அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் பலமுறை கண்டு எச்சரித்துள்ளது. நெஞ்சுவலிக்கு நைத்திரேற்று மருந்து எடுப்பவர் இதனை அறியாது விழுங்கினால், குருதியமுக்கம் திடீரென வீழ்ந்து உயிருக்கே ஊறு நேரலாம்.

பொறுமைக்கு இடமில்லாத வேளைகளும் உண்டு. விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலும், விறைத்த நிலையில் முறிவதுபோன்ற ஓசையுடன் வலியும் வீக்கமும் தோன்றினாலும், நாணத்தை ஒருபுறம் வைத்துவிட்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்தால், இழந்ததை மீட்க இயலாது போகலாம்.

மற்றைய வேளைகளில் அவசரம் வேண்டியதில்லை. ஐயமுற்ற இளைஞன் வைத்தியரின் அறையிலே மனம் திறந்து பேச எடுக்கும் நேரம் சில நிமிடங்களே. அளவிற் குறையேதும் இல்லை என்று அவர் கூறும் ஒரு சொல், ஆண்டுக்கணக்கில் அவன் சுமந்த பாரத்தை இறக்கிவிடக்கூடும். மணமானவனோ தன் மனைவியிடமும் மனம் திறக்கலாம். அவன் தனியே சுமந்தது அவளையும் வருத்தியிருக்கும். வைத்தியரின் அறையிலும் வீட்டின் திண்ணையிலும் இப்பேச்சுக்கு இடம் கிடைத்துவிட்டால், விளம்பரக்காரரின் குரலுக்குச் செவிகொடுக்க எவருக்கும் அவசியம் இராது.